கைமாறிய நிலத்தை மீட்பது என்றால் என்ன? அட்டப்பாடி வழியாக ஒரு பாலபாடம்

நிலத் தகராறு என்றதும் பாகப் பிரிவினை, வரப்பை அரையடி தள்ளி வெட்டிய பங்காளி, வண்டிப் பாதையை அடைத்த பக்கத்துக் காட்டுக்காரர் இதெல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும். அவை ஏறக்குறைய சம பலம் உள்ள இரண்டு பேருக்கு நடுவில் நடப்பவை. இருவரிடமும் பத்திரம் இருக்கும், இருவரும் வக்கீல் வைப்பார்கள், கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும், கடைசியில் ஊர்ப் பெரியவர் யாராவது பேசி முடித்துவைப்பார். இங்கே சொல்லப்போவது அந்த வகை இல்லை. இதில் ஒரு பக்கம் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் விதைத்தவர் நிற்கிறார், கையில் காகிதம் கிடையாது. எதிர்ப்பக்கம் காகிதத்தோடு நிற்கிறது. ஏழை நாடுகள் பலவற்றின் கிராமப்புறத்தில் இதே காட்சிதான். ஆட்களும் மொழியும்தான் வேறு.

இப்படிப் போன நிலத்தைத் திரும்பக் கொடுப்பதற்கு நில மீட்பு என்று பெயர். நிலம் கைமாறியதே செல்லாது என்று சட்டம் அறிவித்து, இழந்தவரிடமோ அவர் வாரிசிடமோ அதை ஒப்படைப்பது. சொல்ல ஒரு வரிதான். நடைமுறையில் அது எப்படி எல்லாம் நழுவுகிறது என்று பார்க்க நாம் ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஆனைக்கட்டி பஸ் ஏறினால் போதும். கொடுங்கரைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேரளம், பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி.

அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். மண்ணின் மக்கள் இருளர், முடுகர், குறும்பர். அவர்கள் குடியிருப்பை ஊரு என்பார்கள். அப்படி 190 ஊர் போல இருக்கின்றன. கோவைப் பக்கத்திலிருந்து மலையேறிப் போய்ப் பண்ணையம் செய்த கவுண்டர்கள் உண்டு, திருவிதாங்கூரிலிருந்து வந்து குடியேறிய மலையாளிகள் உண்டு. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பழங்குடியினர். 2011-இல் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆள் கணக்கு மாறிய அதே வேகத்தில் நிலமும் கைமாறியது.

சரி, நிலம் ஒருவருடையது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் இறங்கி உழுது விதைத்து இருப்பது அனுபவம். அரசாங்கப் புத்தகத்தில் பெயர் ஏறியிருப்பது பதிவு. இந்த நிலம் சட்டப்படி இவருக்குச் சொந்தம், இவரை யாரும் வெளியேற்ற முடியாது என்பது உரிமை. நம்மில் பலருக்கு இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதால் வித்தியாசமே தெரிவதில்லை. அட்டப்பாடியில் மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கவில்லை. அனுபவம் இருளரிடம், பதிவு மண்ணார்க்காடு மூப்பில் நாயர் போன்ற ஜன்மிகளிடம், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களிடம். உரிமை யாருக்கு என்ற கேள்வியை மட்டும் வெகுகாலம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. காடு பெரிதாக இருந்தது, ஆள் குறைவாக இருந்தார்கள்.

கேரளத்துக் காகிதங்களை நம் ஊர்க் காகிதங்களோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்வதும் நல்லது, இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நாம் பத்திரம் என்பதை அங்கே ஆதாரம் என்பார்கள். நம் பட்டா மாறுதலுக்கு அங்கே போக்குவரவு. வரி கட்டுவோர் ஒவ்வொருவருக்கும் வில்லேஜ் ஆபீசில் ஒரு கணக்கு எண் உண்டு, அது தண்டப்பேர். வரி கட்டினால் கரம் ரசீது. அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலமானால் பட்டயம். இதில் கரம் ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. வரி கட்டிய ரசீது சொந்தம் என்பதற்கு முடிவான சாட்சி ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ஆனாலும் தகராறு என்று வந்தால் ஆபீசில் முதலில் கேட்பது அதைத்தான். ரசீது இல்லாதவர் பேச்சு அங்கேயே பாதி அடிபட்டுப் போகிறது.

நிலம் எப்படிக் கை விட்டுப் போனது? ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இது கற்பனை, ஆனால் இந்த மாதிரிதான் நடந்தது. கோட்டத்தறைப் பக்கம் ஒரு ஊரில் ஒரு இருளர் குடும்பம். ராகியும் சாமையும் துவரையும் போடுகிற ஐந்து ஏக்கர் மேட்டுக்காடு. 1964-இல் வீட்டில் ஒரு சாவு. செலவுக்குக் கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் இருநூறு ரூபாய் வாங்குகிறார்கள். ஈடாக மூன்று போகம் நிலத்தை அவர் ஓட்டிக்கொள்வதாகப் பேச்சு. ஒரு தாளில் பெரியவரின் கைநாட்டு. அதில் எழுதியிருப்பது பாட்டமா (குத்தகை), கிரயமா என்று பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. தாள் மலையாளத்தில் இருக்கிறது, இவர் பேசுவது இருள பாஷை, கொஞ்சம் தமிழ். மூன்று போகம் முடிகிறது. நிலம் திரும்பி வரவில்லை. வந்தவர் வேலி போட்டுத் தென்னை வைத்துவிட்டார், வில்லேஜ் ஆபீசில் வரி கட்டுகிறார், ரசீது அவர் பெயரில் வருகிறது. பெரியவரின் மகன் அதே தோப்பில் கூலிக்குப் போகிறான்.

இங்கே ஒரு கசப்பான முரணையும் சொல்லியாக வேண்டும். கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் நாடே மெச்சியது. 1963-இன் சட்டம், 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி முறைக்கே முற்றுப்புள்ளி, குத்தகைக்காரர் நிலத்துக்கு உடைமையாளர். ஆனால் அந்தச் சட்டம் தேடியது குத்தகைக்காரரை. ஜன்மியிடம் பாட்டச் சீட்டு வாங்கி வைத்திருந்தவர் குத்தகைக்காரர் என்று நிரூபிக்க முடிந்தது. சீட்டு என்றாலே என்னவென்று தெரியாமல் அதே மண்ணில் மாறி மாறி விதைத்து வந்தவர் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. உழுதவனுக்கு நிலம் என்று வந்த சட்டம், இந்த மலையில் பல இடங்களில் சீட்டு வைத்திருந்தவனுக்கு நிலம் என்று போய் முடிந்தது. சட்டம் கெட்ட நோக்கத்தில் வந்ததில்லை. யாரை மனதில் வைத்து எழுதினார்களோ அவர்களுக்கு அது பலித்தது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் மீட்புச் சட்டம் வருகிறது. 1975-இல் கேரள சட்டமன்றம் பழங்குடியினர் நிலங்களுக்கென்று ஒரு தனிச் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. சாரம் இது: இனி அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் பழங்குடி நிலத்தைப் பிறர் வாங்க முடியாது. 1960 ஜனவரி 1 முதல் நடந்த கைமாற்றங்களும் செல்லாது. நிலம் திரும்பக் கொடுக்கப்படும். வாங்கியவர் கொடுத்த பணத்தையும் நிலத்தில் அவர் செய்த மராமத்துக்கான மதிப்பையும் இழந்தவர் கட்ட வேண்டும், அதற்கு அரசு கடன் தரும். மராமத்து விஷயம் கொஞ்சம் யோசிக்க வைப்பது. நம் உதாரணத்தில் அந்தத் தோப்பில் கூலி வேலை செய்ததே பெரியவரின் மகன்தான். அவன் நட்ட தென்னைக்கு அவனே விலை கொடுக்க வேண்டும்.

சட்டம் வந்தாயிற்று, நிலம் வந்ததா? தேதிகளை வரிசையாகப் பாருங்கள். சட்டம் 1975. அதைச் செயல்படுத்தும் விதிகள் 1986, அதாவது பதினோரு வருஷம் கழித்து. விதிகளோடு, சட்டம் 1982 ஜனவரி 1 முதலே அமலில் இருந்ததாக ஓர் அறிவிப்பு. அதற்கு அப்புறமும் ஒன்றும் நகரவில்லை என்று டாக்டர் நல்லதம்பி தேரா என்பவர் உயர் நீதிமன்றம் போனார். 1993 அக்டோபரில் ஆறு மாதத்துக்குள் அமல்படுத்து என்று தீர்ப்பு. அரசு மேலும் மேலும் அவகாசம் கேட்டது. 1996-இல் சட்டத்தையே திருத்த சட்டமன்றத்தில் மசோதா வந்தபோது ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே இல்லை; எதிர்த்து ஓட்டுப் போட்டவர் கே.ஆர். கௌரியம்மா ஒருவர்தான். 1957 அமைச்சரவையில் வருவாய்த் துறையை வைத்திருந்து நிலச் சீர்திருத்தத்துக்குக் கால்கோள் போட்டவரும் அவர்தான். அந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1999-இல் புதுச் சட்டமாகவே ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

1975-இலிருந்து 2009 வரை முப்பத்து நான்கு வருஷம். இந்த இடைவெளியை வெறும் அரசாங்க மந்தம் என்று நான் நினைக்கவில்லை. நில வழக்கில் காலம் நடுநிலையானது கிடையாது. வைத்திருப்பவர் பக்கம்தான் அது வேலை செய்யும். நாள் போகப் போகத் தென்னை காய்க்கிறது, வீடு எழும்புகிறது, கரண்டு இணைப்பு வருகிறது, பேங்கில் அடமானம் வைக்கிறார்கள், மகளுக்குச் சீதனமாகப் பாதி போகிறது, மீதியை மூன்றாமவர் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார். இழந்தவர் பக்கம் சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோகிறார்கள். முப்பது வருஷம் கழித்து ஒரு அதிகாரி வந்து பார்த்தால் அவர் கண்ணில் படுவது ஒரு குடும்பம் குடியிருக்கும் தோட்டம். இவர்களை எப்படி எழுப்புவது என்ற கேள்வி அப்போது நியாயமான கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

பொதுவான சிவில் சட்டத்திலும் காலத்துக்கு இந்த வலு உண்டு. பிறர் நிலத்தை அவர் கண்ணெதிரே, அவர் உரிமையை மறுத்து, பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து வைத்திருந்தால், அந்த நிலத்துக்கு வழக்குப் போடும் உரிமை பழைய சொந்தக்காரருக்குப் போய்விடும். அரசு நிலமானால் முப்பது வருஷம். 1963-இன் காலவரையறைச் சட்டம் இது. எதிரிடை அனுபவம் என்பார்கள். டவுனில் சும்மா கிடக்கும் மனைக்கு இதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கலாம். பழங்குடி நிலத்துக்கும் இதே விதி என்றால் மீட்புச் சட்டமே தேவையில்லை. பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதனால்தான் 2003-இல், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், பழங்குடி நிலத்தை எதிரிடை அனுபவத்தின் மூலம் மற்றவர் அடைவதும் தடைசெய்யப்பட்ட கைமாற்றமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைக்க முடியாது என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் கதவு இன்னொரு பக்கம் திறந்தது. கர்நாடகத்தில் தலித், பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலத்தைப் பிறர் வாங்கியது செல்லாது என்று 1978-இன் சட்டம் உண்டு. மனுப் போட அதில் காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம், கெடு எழுதாவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் வர வேண்டும், இருபத்தைந்து வருஷம் கழித்து வந்தால் எப்படி என்று கேட்டது. அதை வைத்து ஏகப்பட்ட மனுக்கள் தள்ளுபடி ஆயின. காலவரையறை கிடையாது என்று சட்டத்திலேயே எழுதி 2023-இல் கர்நாடகம் திருத்தம் கொண்டுவந்தது. தாமதமாக வந்தாய் என்று சொல்வது எளிது. சட்டம் இருப்பதே தெரியாதவருக்கு அந்தக் கடிகாரம் எந்தத் தேதியில் ஓட ஆரம்பித்தது என்பதைத்தான் முதலில் முடிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்தது, நிரூபிக்க வேண்டியது யார் என்பது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், பெரும்பாலான கேஸ்கள் முடிவாவது இதில்தான். ஆந்திரத்தில் ஏஜென்சிப் பகுதிகள் எனப்படும் பழங்குடி மலைப் பகுதிகளுக்கான 1959-இன் ஒழுங்குமுறைச் சட்டத்தை 1970-இல் திருத்தினார்கள். 1970-இன் முதல் ஒழுங்குமுறை என்பதால் அங்கே எல்லோரும் அதை ஒன் ஆஃப் செவன்டி என்பார்கள். அதன்படி அந்தப் பகுதியில் பழங்குடி அல்லாத ஒருவர் கையில் நிலம் இருந்தால், அது பழங்குடி ஒருவரிடமிருந்துதான் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர். இந்த ஒரு வரியால் மொத்த ஆட்டமும் திரும்புகிறது. காகிதம் இல்லாதது அங்கே இழந்தவருக்குப் பலவீனம் ஆகாது. ஆனால் அந்தச் சட்டம் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு, அதாவது பழங்குடிப் பகுதி என்று தனியாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு, உரியது. கேரளத்தில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டிலும் இல்லை.

1999-இன் சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். 1960-க்கும் 1986 ஜனவரிக்கும் இடையில் கைமாறிய விவசாய நிலம் இரண்டு ஹெக்டேருக்குள், அதாவது சுமார் ஐந்து ஏக்கருக்குள் இருந்தால், வைத்திருப்பவரே வைத்துக்கொள்ளலாம்; இழந்தவருக்கு அதே அளவு மாற்று நிலத்தை அரசு தரும். அதற்கு மேல் இருப்பது மட்டும் திரும்ப வரும். நம் கதையில் வரும் ஐந்து ஏக்கர் மேட்டுக்காடு? இரண்டு ஹெக்டேர் என்பது 4.94 ஏக்கர். ஆக வரவேண்டியது, கணக்கைத் துல்லியமாகப் போட்டால், ஆறு சென்ட்.

இதை ஒரேயடியாக அநியாயம் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பக்கம் நிற்பவர்களில் பெரிய பண்ணைக்காரர்கள் மட்டும் இல்லை. கீழ்நாட்டில் பிழைக்க வழியில்லாமல் மலையேறி, நான்காவது கையாக மூன்று ஏக்கர் வாங்கி, இரண்டு தலைமுறையாக அதிலேயே ஜீவனம் செய்கிற குடும்பங்களும் உண்டு. இவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு ஏழையின் நிலத்தை மீட்க இன்னொரு ஏழையை நடுத்தெருவில் நிறுத்துவதா என்ற கேள்விக்குச் சட்டம் கண்டுபிடித்த சமரசம் அந்த ஐந்து ஏக்கர் கோடு.

சிக்கல் மாற்று நிலத்தில் இருக்கிறது. இருளர் ஊரில் மூப்பன் (ஊர்த் தலைவர்), வண்டாரி, குறுதலை என்ற பொறுப்புகளோடு மண்ணுக்காரன் என்று ஒருவர் உண்டு. விதைப்பைத் தொடங்கிவைப்பது, மண்ணுக்கும் விதைக்கும் உரிய சடங்குகளைச் செய்வது அவர் வேலை. எந்தச் சரிவில் சாமை வரும், எந்த ஓடையோரம் ஈரம் நிற்கும் என்ற அறிவு ஓர் இடத்தோடு கட்டிப்போட்டது. பழைய ஆதாரங்களில் நான்கெல்லை எழுதும்போதுகூடக் கிழக்கே ஓடை, மேற்கே பாறை, வடக்கே பலாமரம் என்றுதான் இருக்கும். அந்த ஓடையை விட்டு நாற்பது மைல் தள்ளி, தண்ணீர் இல்லாத ஒரு சரிவில் அதே ஐந்து ஏக்கரைக் கொடுத்தால் கணக்கு நேராகும். வாழ்க்கை ஓடுமா என்பது வேறு. அதுவும் கொடுத்தால்தானே, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் தருவோம் என்ற உறுதியை வாங்கவே 2001-இல் பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு தலைமையில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் நாற்பத்தெட்டு நாள் குடிசை கட்டி உட்கார வேண்டியிருந்தது.

இந்தக் கேள்விகளைச் சந்திக்காத நாடு இல்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த கையோடு 1994-இல் நில மீட்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனவாதச் சட்டங்களால் நிலம் இழந்தவர் மனுச் செய்யலாம். நம்முடையது 1960, அவர்களுடையது 1913. எந்த வருஷத்தில் கோடு போடுகிறார்களோ, அதற்கு முந்தைய இழப்பு சட்டத்தின் கண்ணில் இழப்பே இல்லை. நிலம், மாற்று நிலம், பணம் என்று மூன்று வழியும் அங்கே உண்டு. நகரத்து மனுதாரர்களில் மிகப் பலர் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். காத்திருந்து சலித்தவர்களும் அதில் இருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

நடைமுறைக்கு வருவோம். அட்டப்பாடியில் இந்த வழக்குகளை டி.எல்.ஏ. கேஸ், அதாவது பழங்குடி நிலம் கைமாறிய கேஸ், என்பார்கள். மனு போவது சிவில் கோர்ட்டுக்கு இல்லை, வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம். அட்டப்பாடிக்கு அது ஒற்றப்பாலம். மலைப்பாதை இறங்கி, மண்ணார்க்காடு தாண்டிப் போக வேண்டும். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும். மனுவோடு பழைய கரம் ரசீது ஏதாவது கிடைத்தால் சேர்க்கலாம். இல்லாவிட்டால் வில்லேஜ் ஆபீசின் பழைய பதிவேட்டு நகல், செட்டில்மென்ட் பதிவேட்டு நகல், தாத்தா பெயர் வரும் எந்த அரசுக் காகிதமும் உதவும். 1956 வரை அட்டப்பாடி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்ததால் பழைய ஆவணங்களை அந்தக் கணக்கில் தேட வேண்டியிருக்கும். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 1987-இன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தருகிற உரிமை அது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நிலத்திலிருந்து மிரட்டி வெளியேற்றினால் அது வெறும் சிவில் தகராறு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். காட்டு நிலமானால் 2006-இன் வன உரிமைச் சட்டம் தனி வழி; குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை, வாரிசுக்குப் போகும், விற்க முடியாது.

இனி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து காரில் போய், பவானிக் கரையில் ஏக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்று முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் குறைவில்லை. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும்; ஏனென்றால் 1964-இல் கைநாட்டு வைத்த தாள் ரிஜிஸ்டர் ஆபீசுக்கே வந்திருக்காது. விற்பவரின் ஆதாரத்தோடு நிறுத்தாமல் முன் ஆதாரம், அதற்கும் முன் ஆதாரம் என்று 1960-க்கு முந்தைய கை வரை கேட்க வேண்டும். அந்தச் சர்வே நம்பரில் டி.எல்.ஏ. கேஸ் ஏதும் இருந்ததா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் கேட்க வேண்டும். பக்கத்து ஊரில் மூப்பனைப் பார்த்து, இந்தக் காட்டை முன்னால் யார் ஓட்டினார்கள் என்று விசாரிக்க வேண்டும். அவர் ஒரு பெயர் சொன்னால், முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று வண்டியைத் திருப்பிவிடுவது உத்தமம்.